மாமாவின் நெற்றியில் விழுந்த முத்திரை

மனிதன் எந்த விசயத்தில் தன்னைத்தானே மெச்சிக்கொண்டு திரிகிறானோ, அந்த விசயத்தில்தான் அல்லாஹ் அவனுடைய காதைப் பிடித்துத் திருகுகிறான். சிலரைக் காணி பூமியில் பிடிப்பான். சிலரைப் பிள்ளைகளில் பிடிப்பான். என்னைப் பிடித்தது ஒரு தபால் முத்திரை அளவுப் படத்தில். (பிடிப்பதற்கு என் காதும் வசதியான காதுதான். அதைப் பின்னால் சொல்கிறேன்.)

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கல்முனைக்குடியில் வீடு, மாவடிப்பள்ளிப் பக்கம் கொஞ்சம் வயல். ஐந்து நேரமும் பள்ளிவாசலில் முதல் வரிசையில் நிற்பேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த நாளில் பெருமைக்குத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

படம் எடுப்பது மார்க்கத்துக்கு ஆகாது என்று அந்த விசயத்தில் நான் மிகவும் பேணுதல். கலியாண வீட்டில் கமராக்காரன் கிட்ட வந்தால் எழும்பிப் பின் வளவுக்குப் போய், கழுவிக் கவிழ்த்த சட்டி பானைகளுக்குப் பக்கத்தில் நிற்பேன். என் மூத்த மகளின் கலியாண அல்பத்தில் நான் ஒரே ஒரு படத்தில் இருக்கிறேன். அதுவும் முழங்கை மட்டும். "அந்தா வாப்பா!" என்று மகள் அந்த முழங்கையைத்தான் மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டினாள். எனக்கு அப்போது வெட்கம் வரவில்லை. பார்த்தாயா, எப்படித் தப்பினேன் என்று சந்தோசம்தான் வந்தது.

என் மனைவி சல்மா எனக்குச் சொந்த மாமாவின் மகள். ஆதம்பாவா மாமா என் உம்மாவின் தம்பி. மருதமுனையில் நெய்த சாரன்களை மூட்டை கட்டிக்கொண்டு மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் போய் விற்பார். போனால் மூன்று மாதத்துக்கு ஊர்ப் பக்கம் வரமாட்டார். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் சுலைஹா, இளையவள் சல்மா. அக்காவை நாங்கள் ராத்தா என்போம். வாப்பா போன நாளிலிருந்து இரண்டும் சோறு தின்னாமல் அழும். அதற்கு அவர் கண்டுபிடித்த மருந்துதான் அந்தப் படம்.

அந்தக் காலத்தில் பெரிய படம் பெரிய இடத்து ஆட்களுக்கு. எங்களைப் போன்றவர்களுக்கு முத்திரை அளவில் எடுத்து, மூன்று கொப்பி போட்டு, சின்ன உறைக்குள் வைத்துத் தருவார்கள். மாமா படம் எடுத்த ஸ்டூடியோவில் வருகிறவர் எல்லாருக்கும் ஒரே கோட்டுதானாம். முதுகுப் பக்கத்தைக் கிழித்து நாடா வைத்திருந்தார்களாம். பருத்தவருக்கு இளக்கிக் கட்டலாம், மெலிந்தவருக்கு இறுக்கிக் கட்டலாம். மாமா தொப்பியும் தாடியும் அந்தக் கோட்டுமாக உட்கார்ந்து படம் எடுத்து, மாமிக்கு ஒன்று, மகள்மார் ஆளுக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டுச் சொன்னாராம்: "நான் இல்லாத நேரம் இதப் பாத்துச் சோறு தின்னுங்க."

பிள்ளைகளும் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் படத்தைச் சாத்தி வைத்துச் சாப்பிட்டிருக்கின்றன. சல்மாவின் படத்து மூலையில் மீன் ஆணம் பட்ட மஞ்சள் கறை ஒன்று இன்றைக்கும் இருக்கிறது.

மாமா மௌத்தாகி அடக்கம் செய்து பல வருடத்துக்குப் பிறகு கடல் வந்தது. எங்கள் பக்கத்தில் கடல் வந்த அன்று என்றால் அது சுனாமி நாள் என்று எல்லாருக்கும் தெரியும். மாமியின் படமும் சுலைஹா ராத்தாவின் படமும் அலுமாரிகளோடு போய்விட்டன. சல்மா தன்னுடையதைச் சின்னக் காசுப் பேஸுக்குள் போட்டு இடுப்பில் செருகியிருந்ததால் அது மட்டும் மிஞ்சியது. மாமாவின் முகம் இந்தத் துன்யாவில் இருந்தது அந்த ஒரு துண்டுக் கடதாசியில்தான்.

அதற்கும் சில வருடத்துக்குப் பிறகு, சாய்ந்தமருதில் இருக்கிற ராத்தாவுக்குச் சீனி வருத்தத்தில் கண் மங்கத் தொடங்கியது. இருக்கிற பார்வையும் போய்விடும், எவ்வளவு நாளைக்கு என்று சொல்ல முடியாது என்று டொக்டர் கையை விரித்துவிட்டார். ராத்தா வேறொன்றும் கேட்கவில்லை. கண் போவதற்கு முன் வாப்பாவின் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றாள். சல்மா கொண்டுபோய்க் காட்டினாள். அந்த அளவில் ராத்தாவுக்கு ஒன்றும் தெரியவில்லை.

சல்மா வந்து என்னிடம் கேட்டாள்.

"மச்சான், வாப்பாட படத்தப் பெருசாக்கித் தாங்களேன். ராத்தாக்குத்தான்."

"படம் இரிக்கிற வீட்டுக்கு வானத்து மலக்குமார் வர மாட்டாங்க எண்டு ஒனக்குத் தெரியாதா புள்ள?"

"சுவரில கொழுவ மாட்டா மச்சான். ஒருக்காப் பாத்துட்டு அலுமாரிக்குள்ள வெச்சிருவா."

"பெருசாக்கினா பெருசுதான். அலுமாரியும் வீட்டுக்குள்ளதானே இரிக்கி?"

"அப்ப இவ்வளவு நாளும் சின்னதா என்ட இடுப்பில இரிந்திச்சே?"

நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சின்னதெண்டா... அது பரவால்ல" என்றேன்.

இந்தத் தீர்ப்பு எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை. எந்த மௌலவியிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் வேறு ஏதாவது சொல்லிவிடுவாரோ என்ற பயம் உள்ளுக்குள் இருந்திருக்க வேண்டும். மூன்று தடவை அவள் கேட்டாள். மூன்று தடவையும் மறுத்து, அசர் தொழுதுவிட்டு வருகிற வழியில் ஆட்களிடம், "எங்கட வீட்டுல படத்துக்கு இடமில்ல" என்று சொல்லிக்கொண்டும் வந்தேன்.

இந்த நேரத்தில்தான் எங்கள் கமக்காரர் சங்கத்தில் புது அட்டை அடிக்கிறோம், அது இல்லாவிட்டால் வயலுக்குப் போடப் பசளை இல்லை, ஆளுக்கு இரண்டு முத்திரை அளவுப் படம் கொண்டுவர வேண்டும் என்றார்கள். பசளைக்காக என்றால் தேவைக்கு எடுக்கலாம்தானே. போய் எடுத்தேன். ஆனால் அங்கேயும் என் பேணுதலைக் காட்டாமல் வரவில்லை.

"தம்பி, எனக்குக் காட்டத் தேவல்ல. உறைக்குள்ள போட்டு ஒட்டித் தாங்க. என்ட மூஞ்ச நான் கடதாசியில பாக்கிறல்ல" என்றேன். ஸ்டூடியோத் தம்பி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, நாலு படத்தை உறைக்குள் போட்டு ஒட்டித் தந்தான். நான் அதை அலுமாரியில், மடித்து வைத்த சாரன்களுக்கு அடியில் வைத்தேன்.

எனக்குத் தெரியாத கதை ஒன்று இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் சல்மா எனக்குச் சொல்லாமல் அதே ஸ்டூடியோவுக்குப் போயிருக்கிறாள். அப்போது அங்கே இருந்தவர் முதலாளி. பெரிதாக்கும் மெசின் திருத்தப் போயிருக்கிறது, திங்கட்கிழமை வாருங்கள் என்றவர், "இப்பிடிப் பேஸுக்குள்ள வெச்சா உரிஞ்சி போயிரும்" என்று மாமாவின் படத்தைப் புது உறை ஒன்றில் போட்டு ஒட்டிக் கொடுத்திருக்கிறார். அவளும் என் கண்ணில் படாமலிருக்க அதைச் சாரன்களுக்கு அடியில்தான் ஒளித்திருக்கிறாள். நான் எந்தக் காலத்திலும் சாரனை நானாக எடுத்து உடுத்தது கிடையாது, அவள்தான் எடுத்துத் தருவாள் என்ற நம்பிக்கையில். அவள் ஒளித்த இடமும் நான் பத்திரப்படுத்திய இடமும் ஒன்றாகிப் போனது. முப்பது வருடம் ஒரு வீட்டில் இருந்தால் அப்படித்தான் ஆகும்.

திங்கட்கிழமை காலையில் நான் ஓர் உறையைத் தடவி எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனேன். பின்னேரம் அவள் மற்ற உறையைத் தடவி எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனாள். அவள் போன நேரம் அங்கே இருந்தது தம்பி. தெரிந்தவர்கள் யாரும் கண்டுவிடுவார்களோ என்ற பதற்றத்தில் உறையை மேசையில் வைத்து, "என்ட மௌத்தான வாப்பாட படம். பெருசாக்கிக் கண்ணாடி போட்டு வைங்க" என்று சொல்லிவிட்டு ஒரே ஓட்டமாக வந்துவிட்டாள்.

சனிக்கிழமை சங்கத்தில் அட்டை கொடுத்தார்கள். செயலாளர் றபீக் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். என் பேர் வந்ததும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு.

"இஸ்மாலெவ்வை காக்கா, இது எந்தக் காலத்துப் படம்? கோட்டெல்லாம் போட்டு ஜோராத்தான் இரிந்திரிக்கீங்க!"

பக்கத்தில் இருந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "காக்கா, லண்டனுக்குப் போற பயணமா?" என்றார். சிரிப்பென்றால் ஒரே சிரிப்பு.

அட்டையை வாங்கிப் பார்த்தேன். கீழே என் பேர், என் இலக்கம், என் துண்டு இருக்கிற வயல் கண்டத்தின் பேர். மேலே ஆதம்பாவா மாமா. பெட்டிக்குள் அடங்குவதற்காக ஓரத்தைக் கத்தரித்து, பசை பூசி ஒட்டி, சங்கத்தின் வட்ட முத்திரையில் பாதியை மாமாவின் நெற்றியில் குத்தி, கோட்டுக் கழுத்தின் மேல் கையெழுத்தும் போட்டு, எல்லாவற்றையும் சூட்டோடு பிளாஸ்டிக்குக்குள் உருக்கி மூடியிருந்தார்கள்.

"றபீக்," என்றேன். "இது நானில்ல."

"என்ன காக்கா பகிடி விடுறீங்க? இந்தக் காது வேற யாருக்கு இரிக்கி?"

காதைப் பற்றி இப்போது சொல்லத்தான் வேண்டும். எங்கள் உம்மாவின் குடும்பத்தில் ஆண் பெண் எல்லாருக்கும் காது தலையோடு ஒட்டாமல், திறந்து வைத்த ஜன்னல் கதவு மாதிரி நிற்கும். முத்திரை அளவுப் படத்தில் பார்த்தால் எங்கள் எல்லாருக்கும் ஒரே முகம்தான். இரண்டு காது, நடுவில் கொஞ்சம் ஆள்.

றபீக் மேல் குற்றமில்லை. அவரே சொன்னார்: "நீங்க படம் எடுக்காத ஆள் எண்டு ஊருக்கே தெரியும். வாலிபத்தில எடுத்த ஒண்டத்தான் இவ்வளவு காலமும் வெச்சிரிந்து பேணுதலாக் கொண்டு வந்திரிக்கீங்க எண்டு நெனச்சன். ரெண்டு கேட்டம், ஒண்டுதான் இரிந்திச்சு. சரி, காக்காட கொள்க தெரியும்தானே எண்டு விட்டுட்டன்."

என் பேணுதல் ஊர் முழுக்கப் பரவியிருந்ததன் பலன் அது.

பிளாஸ்டிக்கை நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். படத்தின் ஓரமும் சேர்ந்து எழும்பியது. பயந்து விட்டுவிட்டேன். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழி முழுக்க சல்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசனை. வீடு பூட்டியிருந்தது. ராத்தா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். சாய்ந்தமருதுக்குத் திருப்பினேன்.

ராத்தா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. படம் காணாமல் போனது தெரிந்துவிட்டது என்று நினைத்து, கதவடியில் போய் நின்றேன்.

ராத்தா வெளிச்சத்துக்காக ஜன்னலைப் பார்த்து, எனக்கு முதுகு காட்டி இருந்தாள். அவளுக்கு முன்னால் சல்மாவும் ராத்தாவின் மகள் றிஸ்வானாவும். தரையில், ஸ்டூடியோவில் சுற்றிக் கொடுத்து ராத்தா தானே பிரித்துப் போட்ட பத்திரிகைத் தாள். ராத்தாவின் கையில் கண்ணாடி போட்ட பெரிய படம் ஒன்று. அதை மூக்கோடு மூக்காகப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். முன்னால் நின்ற இரண்டு பேருக்கும் தெரிந்தது படத்தின் பின்பக்கப் பலகை மட்டும்தான். முன்பக்கம் தெரிந்தது, ராத்தாவைத் தவிர, கதவடியில் நின்ற எனக்கு.

அதில் இருந்தது நான்.

நீலப் பின்னணியில், தொப்பியும் தாடியுமாக, இரண்டு காதும் படத்தின் இரண்டு கரையையும் தொட, சுளகு அளவில் நான். என் முகத்தை நான் கடதாசியில் பார்த்து எத்தனையோ வருடம். கீழே பொன் நிற எழுத்தில் "அன்பு வாப்பா" என்று வேறு போட்டிருந்தது. (மௌத்தான வாப்பா என்று சல்மா சொன்னதற்காகத் தம்பி, தான் படம் எடுத்த மனிசன் அதற்குள் போய்விட்டாரே என்று இரக்கப்பட்டுத் தன் பாட்டில் போட்டுக் கொடுத்ததாம்.)

"என்ட வாப்பா!" என்றாள் ராத்தா. "அதே தாடி, அதே காது... கோட்டத்தான் காணல்ல புள்ள?"

"பெருசாக்கக்குள்ள கழுத்தோட வெட்டுப்பட்டிரிக்கும் ராத்தா" என்றாள் சல்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ராத்தா படத்தை இறுக்கிப் பிடித்து நெற்றியில் ஒருதரம், வலது கன்னத்தில் ஒருதரம், இடது கன்னத்தில் ஒருதரம் கொஞ்சிவிட்டாள்.

என் மனைவியின் ராத்தா. என்னைக் கண்டால் முந்தானையை இழுத்துவிட்டு, பக்கத்துச் சுவரைப் பார்த்துக் கதைக்கிற பெண். "ராத்தா!" என்று கத்தினேன். அவள் படத்தோடு திரும்பினாள். இப்போது படம் சல்மாவின் பக்கம் கிறுகியது. சல்மா படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பப் படத்தைப் பார்த்தாள். முதலில் வாய் திறந்தவள் றிஸ்வானாதான்.

"உம்மா... இது மூத்தாப்பா இல்ல. இது சாச்சா!"

"எந்தச் சாச்சா?"

"இந்தா நிக்காரே, இந்தச் சாச்சா!"

"அஸ்தஃபிருல்லாஹ்!" ராத்தா படத்தைக் கட்டிலில் போட்டுவிட்டு முந்தானையால் வாயை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். "அடியே சல்மா! வாப்பாட படத்தக் கேட்டா, ஒன்ட மாப்பிள்ளைட படத்தயாடி கொண்டாந்து கையில தந்திரிக்காய்?"

சல்மா என் பக்கம் திரும்பினாள்.

"மச்சான், என்ட வாப்பா எங்க?"

சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன். அவள் அதை ஒருதரம் பார்த்தாள். என் பேரை வாசித்தாள். முத்திரையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். அது பிளாஸ்டிக்குக்குக் கீழே இருந்தது. எனக்குச் சொல்லாமல் ஸ்டூடியோவுக்குப் போன குற்றம் அவளுக்கு இருந்ததால் என்னை ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ராத்தா கையை நீட்டினாள். "தா, நானும் பாக்கன்." அட்டையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள், தூரப் பிடித்தாள், ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"ஒண்டும் தெரியல்ல புள்ள. வெள்ளையா ஒரு பொட்டு மாதிரி இரிக்கி."

எனக்கு அந்த நேரம் தோன்றியது இதுதான். சல்மா முதல் தடவை கேட்டபோது நான் ஓம் என்று சொல்லியிருந்தால், ராத்தாவுக்கு இதைவிட நல்ல கண் இருந்திருக்கும். நான் மார்க்கம் படிப்பித்துக்கொண்டிருந்த நாட்களில் அவளுடைய பார்வை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. சந்தியில் நின்று சொன்ன பேச்செல்லாம் அல்லாஹ்வுக்குப் பயந்து சொன்னதா, ஆட்கள் மெச்ச வேண்டும் என்று சொன்னதா? பதில் எனக்குத் தெரியும். எழுத வெட்கமாக இருக்கிறது.

"ராத்தா, நானே போய்ப் பெருசாக்கிட்டு வாறன். இப்பவே" என்றேன்.

ஸ்டூடியோ முதலாளி அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுப் பிளாஸ்டிக்கைப் பிரிக்கவே கூடாது, படம் இரண்டாகக் கிழிந்துவிடும் என்றார். அப்படியே மெசினில் வைத்து எடுக்கலாமாம். நெற்றியில் இருக்கிற முத்திரைதான் பிரச்சினை.

"கொம்பியூட்டரில அழிக்கலாம் காக்கா. ஆனா நெத்தியும் சேந்து அழிஞ்சிரும். மறுகா வேற ஒராள்ட நெத்திய எடுத்துத்தான் ஒட்டோணும்."

"வேணாம் முதலாளி! வேற ஆள்கள்ட ஒண்டும் வேணாம். இரிக்கிறபடி அடிங்க."

கடை வாசலிலேயே நின்றேன். தெரிந்தவர்கள் போகும்போது, "என்ன காக்கா, இஞ்ச நிக்கீங்க?" என்று கேட்டார்கள். படம் பெரிதாக்க வந்தேன் என்று எல்லாருக்கும் சொன்னேன். இந்தத் தடவை உறைக்குள் போட்டு ஒட்டச் சொல்லவில்லை. திறந்தபடி வாங்கி, மாமாதானா என்று மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் எடுத்துக்கொண்டு போனேன்.

ராத்தா அதை ஜன்னலடியில் வைத்துப் பார்த்தாள். முதல் தடவை ஏமாந்ததால் உடனே கிட்டக் கொண்டு போகவில்லை. "றிஸ்வானா, நீ பாத்துச் சொல்லு. மூத்தாப்பாதானே?" என்றாள். ஓம் என்றதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கோட்டிலிருந்து மேலே, கொஞ்சம் கொஞ்சமாகப் போனாள்.

"கோட்டு இரிக்கி," என்றாள். "வாய் இரிக்கி. சிரிக்காமச் சிரிக்கிற வாய்." பிறகு, "நெத்தியில என்ன, வட்டமா?"

"முத்திர, ராத்தா" என்றேன்.

"என்ன முத்திர?"

"கமக்காரர் சங்கத்து முத்திர."

ராத்தாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாப்பா மௌத்தாகும் வரைக்கும் வயலுக்க ஒரு கால் வெச்சிரிப்பாரா சல்மா? சேறு பட்டாச் சாரன் ஊத்தையாகிரும் எண்டு வரம்பிலயும் நடக்காத மனிசன்! அவரப் போய்ச் சங்கத்தில சேத்துட்டீங்களே தம்பி!"

சல்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் அழுதார்கள். ராத்தா அன்று மஃரிபு பாங்கு சொல்லும் வரைக்கும் அந்தப் படத்தைக் கையை விட்டு வைக்கவில்லை. நானும் வெளியே படியில் இருந்தேன். மலக்குமார் அந்த வீட்டுக்கு வந்தார்களா இல்லையா என்று சொல்ல நான் யார்? தொழும்போது படத்தைத் துணியால் சுற்றி அலுமாரிக்குள் வைத்தாள். ராத்தா அப்படித்தான் செய்வாள் என்று சல்மா கேட்டபோதே சொல்லியிருந்தாள்.

அடுத்த நோன்புக்கு முன்னால் அவளுடைய இரண்டு கண்ணும் போய்விட்டன. ஆனால் அந்தப் பின்னேரம் அவள் பார்த்துவிட்டாள். அல்ஹம்துலில்லாஹ்.

சங்கத்து அட்டை இப்போதும் சல்மாவின் பேஸுக்குள்தான். றபீக் வேறொன்று அடித்துத் தருகிறேன் என்றார், அதற்கும் படம் கேட்பார்களே என்று நான் விட்டுவிட்டேன். ஒவ்வொரு போகத்துக்கும் பசளை எடுக்கப் போகும்போது அவளிடம் கையேந்தித்தான் அதை வாங்க வேண்டும். "வாப்பாவப் பத்திரமாக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லித்தான் தருவாள்.

என் பெரிய படத்தை உடைத்துப் போடு என்றேன். "இரிக்கட்டும்" என்று அவள் அதை அலுமாரிக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் முகம் திருப்பி வைத்திருக்கிறாள். "நீங்க மௌத்தான பொறகு புள்ளையள் கேப்பாங்க. முழங்கைய மட்டுமா குடுக்கச் சொல்றீங்க?" என்றாள்.

ராத்தா வீட்டில் எனக்குப் பேரே மாறிவிட்டது. வாசலில் நின்று சலாம் சொன்னால், உள்ளே இருந்து ராத்தா, "ஆர் வந்திரிக்கார்?" என்று கேட்பாள். றிஸ்வானா சிரிப்பை அடக்காமல், "அன்பு வாப்பா வந்திரிக்கார் உம்மா!" என்பாள். பேரப்பிள்ளைகளுக்கு என் சொந்தப் பேர் தெரியாது, இந்தப் பேர்தான் தெரியும். ராத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாள்.

நானும் கதவடியிலேயே நின்று சொல்வேன்: "ஓம் ராத்தா, நான்தான். பயப்படாதீங்க, கிட்ட வரல்ல."